குரல் கொடுத்தவர் கணக்கு

இந்த வாரம் ஒரு சின்ன க்விஸ். மூளையைக் கசக்க வேண்டாம், சினிமா கேள்விதான்.

'மைக் மோகன்' என்று பட்டம் வாங்கியவர் நடிகர் மோகன். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' தொடங்கி, படத்துக்குப் படம் கையில் மைக்கோடு நின்று நம் சித்தப்பாக்களையும் பெரியம்மாக்களையும் கிறங்கடித்தார். அந்தப் பாட்டெல்லாம் பெரும்பாலும் எஸ்.பி.பி. இது எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும் கதாநாயகியிடம் உருகி உருகிப் பேசுகிறாரே, அது யார் குரல்?

'இதென்ன கேள்வி? மோகன் குரல்தான்' என்கிறவர்களுக்கு மார்க் பூஜ்யம். பெரும்பாலான படங்களில் அது எஸ்.என். சுரேந்தரின் குரல். அவரே நல்ல பாடகர். நடிகர் விஜய்யின் தாய்மாமன். மோகனுக்குத் தாய்மொழி கன்னடம், ஊர் உடுப்பி. அந்த முகமும் அந்தச் சிரிப்பும் அவருடைய சொத்து, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் பாட்டு எஸ்.பி.பி., பேச்சு சுரேந்தர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், பட்டப் பெயரில் இருக்கிற மைக் ஒன்றுதான் கடைசி வரை அவர் கையில் மிஞ்சுகிறது!

'மௌன ராகம்' (1986) பார்த்துவிட்டு அந்த மென்மையான பேச்சில் மயங்கி, 'கட்டினால் இப்படி ஒரு மாப்பிள்ளை' என்று அடம்பிடித்த பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பாவம், அவர்கள் பாதி மோகனையும் பாதி சுரேந்தரையும் கேட்டிருக்கிறார்கள். அப்பாக்கள் திணறியதில் நியாயம் இருக்கிறது.

* * *

காரைக்குடிக்காரனுக்கு டப்பிங்கைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். இந்தத் தொழிலின் பிறந்த வீடு ஒரு வகையில் எங்கள் ஊர்தான்.

ஏவி. மெய்யப்ப செட்டியார் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் மற்ற சாமான்களோடு கிராமபோன் ரிக்கார்டும் விற்றார்கள். யோசித்துப் பாருங்கள். ரிக்கார்டில் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். மனுஷனிடமிருந்து குரலைத் தனியாகக் கழற்றி, உறையில் போட்டு, விலை வைத்து விற்கலாம் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தவர் அவர். சினிமாவுக்கு வந்ததும் அதே வித்தையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். கழற்றின குரலை இன்னொருவர் வாயில் மாட்டினார்.

1938இல் 'நந்தகுமார்'. தேவகியாக நடித்தவரின் பாட்டு திருப்தியாக இல்லை என்று லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கேதான் ஆரம்பம். அடுத்து, 1943இல் வந்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை அப்படியே தமிழ் பேச வைத்து 1944இல் வெளியிட்டார். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப் செய்யப்பட்ட முதல் படம் என்று சினிமா சரித்திரக்காரர்கள் இதைத்தான் கைகாட்டுகிறார்கள். பொய்யே பேசாத அரிச்சந்திரன், தன்னுடையதல்லாத குரலில் பேசி இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தான். விதியின் நகைச்சுவைக்கு ஈடு கிடையாது சார்.

1945இல் 'ஸ்ரீ வள்ளி'. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி, நடிகை லட்சுமியின் அம்மா. நடிப்பு சரி, பாட்டில் செட்டியாருக்கு மனசு ஒப்பவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, உதட்டசைவுக்குப் பொருத்திச் சேர்த்துவிட்டார். அதே வருஷம் ஏ.வி.எம். பெயரில் கம்பெனி ஆரம்பித்து, காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு, 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். 1947 ஜனவரியில் ரிலீஸ். அதற்கப்புறம்தான் கோடம்பாக்கம்.

ஸ்டூடியோ போய்விட்டது. ஆனால் சினிமாக்காரர்கள் எங்களை விட்டபாடில்லை. கானாடுகாத்தானிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரம் ஜன்னல் வைத்த வீடுகள் இருக்கிற வரைக்கும் ஜமீன்தார் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு ஷூட்டிங். வளவுக்குள் கதாநாயகி தூணைக் கட்டிக்கொண்டு கதறுகிறார். வடக்கத்திப் பெண். முகப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏந் தம்பி, அந்தப் புள்ளை ஏன் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே அழுகுது?"

"வசனம் மனப்பாடம் ஆகலை ஆச்சி. உதடு அசைஞ்சா போதும். அப்புறமா மெட்ராஸ்ல வேற ஒருத்தங்க பேசிருவாங்க."

"அழுகையையுமா?"

"அழுகையையும்தான் ஆச்சி."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப, அந்தப் பேசுற புள்ளைக்குத்தானப்பா கூடச் சம்பளம் கொடுக்கணும்" என்றார். ஐந்தொகை போட்ட பரம்பரை, ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டது.

* * *

டப்பிங் என்றால் ஏ.சி. ரூமில் நின்று வாசிப்பதுதானே என்று நினைக்கிறவர்கள், வீட்டில் டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு, திரையில் பேசுகிறவரோடு சேர்ந்து ஒரு நிமிஷம் பேசிப் பார்க்கவும். பத்தாவது வினாடியில் அவர் வாயை மூடியிருப்பார், நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். கல்யாணமானவர்களுக்கு இது பழக்கப்பட்ட அனுபவம், எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஃபிலிம் காலத்தில் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, ப்ரொஜெக்டரில் சுற்ற விடுவார்கள். அதற்குப் பெயர் 'லூப்'. ஒரே காட்சி செக்குமாடு மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்துப் பார்த்து உதடு எங்கே திறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பிடித்துக்கொண்டு பேச வேண்டும். நாலு பேர் பேசுகிற காட்சி என்றால் நாலு பேரும் மைக்கைச் சுற்றி நிற்பார்கள். மூன்று பேர் பிரமாதமாகப் பேசி, நாலாவது ஆசாமி கடைசி வார்த்தையில் தடுக்கினால் மொத்தப் பேரும் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அவரவர் பங்கைத் தனித்தனியே பேசிவிட்டுப் போகலாம், தப்பு வந்த வரியை மட்டும் சரி செய்யலாம். ஆனால் காதலனும் காதலியும் வேறு வேறு நாளில் வந்து தனியே நின்று கொஞ்ச வேண்டும். காற்றோடு சண்டை, காற்றோடு முத்தம்.

மைக் இருக்கிறதே, அது ஒட்டுக் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரை விட மோசம். வளையல் கூடாது, பட்டுப்புடவை சரசரக்கக் கூடாது, காலையில் டிபன் சாப்பிடாமல் வந்தால் வயிறு போடுகிற சத்தம்கூடப் பதிவாகிவிடும். அதற்கிடையில் ஓடி வந்து மூச்சிரைப்பது, அடி வாங்கி முனகுவது, வாயில் சாப்பாட்டோடு திட்டுவது எல்லாவற்றையும் அசையாமல் நின்ற இடத்தில் செய்ய வேண்டும்.

வேற்று மொழிப் படம் என்றால் வசனம் எழுதுகிறவருக்குத் தனித் தலைவலி. 'ப', 'ம' இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். தெலுங்குக் கதாநாயகி 'வத்து' என்கிறார். வேண்டாம் என்று அர்த்தம். தமிழில் 'வேண்டாம்' என்றே எழுதினால் கடைசியில் 'ம்' வந்து உதடு மூட வேண்டும், திரையிலோ உதடு குவிந்து நிற்கும். என்ன செய்வது? 'விடு' என்று எழுதலாம். ஆரம்பத்தில் 'வ', முடிவில் 'உ'. வாய்க்கும் பொருந்தும், காட்சிக்கும் பொருந்தும். அகராதியில் வத்துவுக்கு விடு என்று அர்த்தமே கிடையாது. இதுதான் தொழில்.

* * *

குரலில் ஆரம்பித்து முகத்துக்குப் பிரமோஷன் வாங்கியவர்கள் உண்டு. விக்ரமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இலேயே கதாநாயகனாகிவிட்டார். 'சேது' வந்தது 1999 டிசம்பரில். நடுவில் அத்தனை வருஷமும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கு, 'காதலன்' படத்தில் (1994) பிரபுதேவாவுக்கு, 'காதல் தேசம்' படத்தில் (1996) அப்பாஸுக்கு என்று அடுத்தவர் வாய்க்கெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். தன்னோடு போட்டி போட வேண்டியவர்களை ஜெயிக்க வைத்தே சம்பளம் வாங்குவது என்றால் சும்மாவா?

எம்.எஸ். பாஸ்கர் பல வருஷம் டப்பிங்கில் இருந்தவர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வின் பட்டாபியாகத்தான் பலருக்கும் அவர் முகம் தெரிந்தது. 'பார்க்கிங்' (2023) படத்துக்காக 2025இல் சிறந்த துணை நடிகர் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. ஆந்திராவில் சாய்குமார். டாக்டர் ராஜசேகர் திரையில் கர்ஜித்தபோதெல்லாம் பின்னால் இருந்தது இவர் தொண்டை. நம்ம ஊரில் 'இதுதாண்டா போலீஸ்' என்று சக்கைப்போடு போட்டதே, அதன் தெலுங்கு மூலமான 'அங்குசம்' (1989) படத்திலும் அவர்தான். பிறகு 1996இல் கன்னடத்தில் 'போலீஸ் ஸ்டோரி' மூலம் தானே காக்கி மாட்டினார். ஏழு வருஷம் காத்திருந்து யூனிஃபார்ம்!

நடிகை ரோகிணி தானே நல்ல நடிகை. ஆனாலும் 'பம்பாய்' (1995) மனிஷா கொய்ராலாவுக்கும், 'இருவர்' (1997) ஐஸ்வர்யா ராய்க்கும் குரல் கொடுத்தார். சிம்ரனும் ஜோதிகாவும் பேசினால் நமக்கு ஞாபகம் வருகிற அந்தத் துள்ளல் பெரும்பாலும் சவிதாவுடையது. ஜோதிகாவுக்கு யாருமே குரல் கொடுக்க வேண்டியிராத படம் 'மொழி'. அதில் அவர் வாய் பேசாத பெண்.

* * *

இனி வருவதைச் சிரிக்காமல் படிக்கவும்.

'சந்திரமுகி'யின் மூலப்படம் 1993இல் வந்த மலையாள 'மணிச்சித்ரத்தாழ்'. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் அவர் இரண்டு ஆள். கங்காவாக இருக்கும்போது மலையாளம். தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியாக மாறும்போது தமிழ். கேரளமே நடுங்கிய அந்தத் தமிழ்க் குரலும் பாக்யலட்சுமி என்ற பிரபல டப்பிங் கலைஞருடையதுதான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. டைட்டிலில் அவர் பெயர்தான் இருந்தது. 2016இல் இயக்குநர் ஃபாசில் உண்மையைச் சொன்னார்: கங்காவின் குரல் பாக்யலட்சுமி, நாகவல்லியின் குரல் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா.

23 வருஷம்! அதற்குள் அந்தக் கதை தமிழ், கன்னடம், இந்தி என்று ரீமேக்காகிப் பணம் கொட்டியது. மிமிக்ரிக்காரர்கள் அந்தக் குரலை நகல் எடுத்துப் பிழைத்தார்கள். ஒரிஜினல் குரலுக்குச் சொந்தக்காரர், தன் குரலை ஊரே போற்றுவதைக் கேட்டுக்கொண்டு, பெயர் இல்லாமல் இருந்திருக்கிறார்.

நம் ஆபீஸில் இது நடக்காதா என்ன? ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து நோட் தயாரிப்பது ஒருவர், மறுநாள் மீட்டிங்கில் அதை வாயசைப்பது இன்னொருவர். கைதட்டல் வாய்க்கு. நாமெல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்தான். ஆனால் நமக்காவது சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

பி.காம். முதல் வருஷத்தில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. செட்டிநாட்டில் இதற்குக் காலேஜ் போக வேண்டிய அவசியமே இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை போட்ட நாளிலேயே பேரேட்டில் காலணா பிசகாமல் எழுதியவர்கள். தருபவர் பெயரே எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை.

பாட்டுக்காரர்களுக்கும் ஆரம்பத்தில் இதே கதிதான். 1949இல் 'மஹல்' இந்திப் படம். லதா மங்கேஷ்கர் பாடிய அந்தப் பிரபலமான பாட்டின் ரிக்கார்டில் முதலில் பாடியவர் பெயர் 'காமினி' என்று போட்டிருந்தது. காமினி யார்? கதாபாத்திரம்! யார் பாடினார் என்று ஜனங்கள் கேட்கக் கேட்கத்தான் லதா பெயர் வெளியே வந்தது. இன்றைக்குப் பின்னணிப் பாடகர்களுக்குத் தேசிய விருது இருக்கிறது. பேச்சுக்குக் குரல் கொடுப்பவர்களுக்கு நம் தமிழக அரசு விருது தருகிறது, தேசிய விருதுப் பட்டியலில் தனி இடம் இல்லை.

ஜப்பானில் கதையே வேறு. குரல் நடிகருக்கு அங்கே 'செய்யூ' என்று தனிப் பெயர், தனி ரசிகர் கூட்டம். நம் வீட்டு வாண்டுகள் சோறு இறங்க வேண்டுமென்றால் போட்டுவிடுகிற டோரேமான் பூனைக்கு 1979 முதல் 2005 வரை ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்ற பெண்மணி. 26 வருஷம் ஒரே பூனை. 2024இல் அவர் காலமானபோது அது அங்கே தலைப்புச் செய்தி. 'டிராகன் பால்' கோகு பையனுக்கு 1986இலிருந்து குரல் கொடுத்த மசாகோ நொசாவா பிறந்தது 1936இல். ஐம்பது வயதில் ஆரம்பித்து, எண்பதைத் தாண்டியும் அதே பையன் குரலில் பேசினார். முகத்துக்குத்தான் வயதாகும் போலிருக்கிறது.

* * *

டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இப்பத்தான் ஏ.ஐ. வந்திருச்சே. இனிமே டப்பிங்குக்கு ஆளே வேணாமாமே?"

வேணாமோ என்னவோ, குரல் வேண்டுமே! மெஷினுக்குச் சொந்தத் தொண்டை கிடையாது. யாரோ ஒருவர் பேசியதைக் கேட்டுத்தான் அது பேசக் கற்றுக்கொள்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், பணமும் கொடுத்தோம் என்று அவரே சொன்னார். நல்ல கணக்கு. தருபவர் பெயரில் வரவு விழுந்துவிட்டது.

எல்லாரும் அப்படி எழுதுவார்களா? அதே வருஷம் ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அனுமதியில்லாமல் தன் குரலை ஏ.ஐ.யில் நகலெடுப்பதற்குத் தடை வாங்கினார். அக்டோபரில் ஜப்பானின் குரல் நடிகர்கள் 26 பேர் ஒன்றுசேர்ந்து, 'கேட்காமல் எங்கள் குரலை எடுக்காதே' என்று இயக்கமே தொடங்கினார்கள். அரிஜித் குரல் என்றால் நீதிபதிக்கும் தெரியும், டவாலிக்கும் தெரியும். ஜப்பான்காரர்கள் குரல் அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். பெயரே போடாத ஒரு டப்பிங் கலைஞர் நாளைக்குக் கோர்ட்டில் போய், 'ஐயா, இது என் குரல்' என்று நின்றால், 'அது அந்த நடிகையின் குரலாச்சே' என்று நாமே சாட்சி சொல்லிவிடுவோம்.

அதனால் சொல்கிறேன். டைட்டிலில் பெயர் என்பது பெருமைக்குப் போடுகிற மாலை இல்லை சார், அது பட்டா. நிலத்துக்குப் பட்டா இல்லாதவன் கதி என்னவென்று சிவகங்கைச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்தும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தியேட்டரில் நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பார்க்கிங்கில் பைக் எடுக்கிற அவசரம் எனக்கும் உண்டு. ஆனால் வீட்டில் ஓ.டி.டி.யில் படமோ தொடரோ முடிந்ததும், சிலவற்றில் தமிழில் குரல் கொடுத்தவர்கள் பட்டியல் வருகிறது. அதற்குள் 'அடுத்த எபிசோட் ஐந்து வினாடியில்' என்று அது நம்மைத் தள்ளும், நாமும் தள்ளப்படுவோம். இந்த வாரம் ஒரே ஒரு தடவை ரிமோட்டை அமுக்கி நிறுத்துங்கள். அந்தப் பெயர்களைப் படியுங்கள். முடிந்தால் கொஞ்சம் சத்தமாகவே படியுங்கள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவர்களுக்கு, ஒரு தடவையாவது நாம் குரல் கொடுத்த மாதிரி இருக்கும்.